குனிந்து பேசும் ஜன்னல்

ஒஸ்த்ரொவென்கா ஊரில் பத்திரிகைக் கடைக்காரர்களுக்கு ஆட்களை முகத்தால் தெரியாது, கையால்தான் தெரியும். கடை என்பது தெருமுனையில் நிற்கும் ஒரு தகரப் பெட்டி. நாலு பக்கமும் மேல்பாதி கண்ணாடியாக இருந்தாலும் உள்ளே சோப்பும் சீப்பும் சவர பிளேடும் பஞ்சுப் பொட்டலமுமாகத் தொங்கி வெளியை மறைத்திருக்கும். விற்பதற்கு இருப்பது இடுப்பு உயரத்தில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். மந்திரி வந்தாலும் குனிந்துதான் பேச வேண்டும். ஒரு பேப்பர் வாங்கவும் ஜனங்கள் தலை வணங்க வேண்டுமென்று அந்நாளில் நாட்டை ஆண்ட கட்சிக்காரன் வேண்டுமென்றே அப்படிக் கட்டினான் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. உண்மை அதைவிடச் சாதாரணம். குளிரில் விற்பவள் முக்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள், காலடியில் ஹீட்டர் இருக்கிறது. உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டும் உயரம் எதுவோ, அதுதான் ஜன்னலின் உயரம்.

அந்த முக்காலியில் லுட்விகா டெப்துவா எட்டு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். விடிவதற்கு முன் வேன் வந்து கட்டுகளைத் தள்ளிவிட்டுப் போகும். நாரெவ் ஆற்றிலிருந்து கிளம்பும் பனியும் காகித ஆலையின் அவித்த முட்டைக்கோஸ் வாடையும் சேர்ந்து கட்டின் மேல் தாளை நனைத்திருக்கும். அதை உருவி அடியில் வைப்பாள். பிறகு கோப்புகளை நிரப்புவாள்.

கோப்பு என்பது வாடிக்கையாளருக்கு ஒன்றென்று அலமாரியில் அடுக்கிய அட்டை உறை. ஆலை ஊரிலேயே இருந்தாலும் பத்திரிகைக்குத் தாள் அளந்துதான் வரும். அச்சடிப்பது கொஞ்சம், கேட்பவர் அதிகம். வாராவாரம் டி.வி. நிகழ்ச்சிநிரல் வரும் நாளில் அடிதடியே நடக்கும். அதனால் கடைக்காரியின் தயவில் பேர் எழுதிய ஒரு கோப்பு வைத்திருப்பவன் ஊரில் கொடுத்து வைத்தவன். அவன் மத்தியானம் தூங்கி எழுந்து வந்தாலும் அவன் பத்திரிகை உறையில் காத்திருக்கும். அரசாங்க வீடு கிடைத்தாலும் கிடைக்கும், லுட்விகா கடையில் கோப்பு கிடைக்காது என்பார்கள்.

அவள் கடைக்கு அத்தனை மவுசு வந்த கதை ஊருக்கே தெரியும். அவள் முன்னால் 'நாரெவ் குரல்' நாளிதழின் நிருபர். அவள் கணவன் ஸெனோனும் அங்கேதான். ராணுவச் சட்டம் போட்ட அந்தக் குளிர்காலத்தில் பத்திரிகையைச் சில வாரம் நிறுத்தி வைத்தார்கள். மறுபடி திறப்பதற்கு முன்னால் எழுதுகிற ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒரு அறைக்குள் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஒரே கேள்வி: நடந்ததைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சரியாகப் பதில் சொன்னவர்கள் தங்கள் வேலைமேசைக்குத் திரும்பினார்கள். ஸெனோன் திரும்பினான். லுட்விகா, "திருட்டுத்தனம்னு நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு மரியாதை. ஜன்னலில் தேன் ஜாடி வரும், காட்டுக் காளான் வரும். புவியியல் வாத்தியார் அலோய்சி அந்தப் பத்திரிகையைத் தொடவே மாட்டேன் என்று சபதம் போட்டவர். ஆனால் தினமும் எதிர்த் தெருவிலிருந்து நடந்து வந்து அவளிடம் ஒரு தீப்பெட்டி வாங்கிப் போவார். மரியாதை அவள் முதுகுக்கு ஹீட்டரைவிட இதமாக இருந்தது. ஸெனோனுக்கு அதற்கு நேரெதிர். இறைச்சிக் கடை வரிசையில் அவன் நின்றால் பக்கத்தில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

இப்போது காலம் புரண்டுவிட்டது. கட்சியும் போய்விட்டது, தணிக்கை அலுவலகமும் மூடியாயிற்று. கட்சியின் கையில் இருந்த பத்திரிகைகளையெல்லாம் பிரித்துக் கொடுக்கத் தலைநகர் வார்சாவில் ஒரு குழு உட்கார்ந்திருந்தது. ஏலத்துக்கு விடலாம், அல்லது அதில் வேலை செய்பவர்களே கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து கேட்டால் அவர்களிடமே கொடுக்கலாம்.

நவம்பர் மாதத் தொடக்கம், கல்லறைத் திருநாள் முடிந்து சாமந்திப் பூவெல்லாம் தெருவோரம் வாடிக் கிடந்த ஒரு காலை. ஜன்னலில் மை படிந்த விரல்கள் தெரிந்தன.

"பானி லுட்விகா, நான்தான் ராதெக்." பெண்களைப் பானி என்றும் ஆண்களைப் பான் என்றும் மரியாதையாக அழைப்பது அங்கே வழக்கம்.

"கையப் பாத்தாலே தெரியுது. நகத்துல இருக்கிற கருப்ப எப்பத்தான் தேய்ப்பே?"

ராதெக் ராணுவச் சட்ட காலத்தில் நிலவறையில் கள்ள அச்சு ஓட்டியவன். இப்போது 'நாரெவ் குர'லில் நிருபர். கூட்டுறவுச் சங்கத்துக்காக ஓடியாடுபவன் அவன்தான். தாடியோடு தலையை ஜன்னலுக்குள்ளேயே நுழைத்துவிட்டான்.

"தலைய வெளிய எடு. சீப்புல மாட்டிக்கும்."

"நாளைக்கு மத்தியானம் எழுத்துக் கோக்கிற கூடத்துல கூட்டம். நீங்க வரணும். நீங்கதான் ஆசிரியர். எல்லாரும் பேசி முடிச்சாச்சு. விண்ணப்பத்துல முதல் பேரா உங்க பேரு இருந்தா வார்சாவுல ஒருத்தனும் வாய் திறக்க முடியாது. அவங்க துரத்தின ஆளு, எட்டு வருஷமா ஒரு வரி எழுதாத ஆளு!"

லுட்விகா பத்திரிகைக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஸெனோன்?"

ராதெக் நிமிர்ந்துவிட்டான். ஜன்னலில் இப்போது அவன் கோட்டுப் பொத்தான்கள்தான் தெரிந்தன.

"அன்னைக்கு அந்த மூணு பேர் முன்னாடி தலையாட்டினவங்க யாரும் வேணாம்னு முடிவு. பேர் சுத்தமா இருக்கணும், பானி. உங்களுக்குச் சொல்லணுமா? அந்த ஆளோட ஒரே வீட்டுல இருக்கிற கஷ்டம் எங்களுக்கும் தெரியும்."

"ஒரே வீட்டுல இருக்கிறதுல எனக்கு என்ன கஷ்டம்? குறட்டைதான் கொஞ்சம்" என்றாள் லுட்விகா. ஆனால் அவன் சிரிக்கவில்லை.

வீட்டில் ஸெனோன் ரெய்பக் செய்துகொண்டிருந்தான். அந்தப் பக்கத்துக் காட்டுச் சீமைக்காரர்கள் செய்கிற உருளைக்கிழங்குப் பலகாரம் அது. பச்சைக் கிழங்கைத் துருவிப் பிழிந்து, பிழிந்த நீரைத் தெளிய வைத்து, அடியில் தங்கும் மாவை மட்டும் திரும்பச் சேர்த்து, கொழுத்த பன்றித் துண்டுகளோடு கலந்து அடுப்பில் வேக வைப்பார்கள். நீரைக் கொட்டுகிற அவசரத்தில் மாவையும் கொட்டிவிடுபவர்கள் உண்டு. ஸெனோன் ஒருநாளும் கொட்டியதில்லை.

"ராதெக் வந்தானா?" என்றான், திரும்பாமலே.

"உனக்கு யாரு சொன்னது?"

"ரெண்டு நாளா என்னப் பாத்தா எல்லாரும் வணக்கம் சொல்றானுங்க. எட்டு வருஷமா சொல்லாதவன் சொன்னா, பொட்டிய கட்டுன்னு அர்த்தம்." கையைத் துடைத்துக்கொண்டான். "நீ போ, லுட்கா. நல்ல இடம். உனக்கு வர வேண்டிய இடம். நான் மிஷினியெத்ஸ் போயி எங்கண்ணனோட தேன்கூடு பாத்துக்கறேன். தேனீக்கு அரசியல் கிடையாது."

"ராணி இருக்கே."

"அது ஒருத்திதான். எல்லாருக்கும் தெரியும். கமிட்டி கிடையாது."

அவள் கோட்டைக் கழற்றாமல் சமையலறை முக்காலியில் உட்கார்ந்தாள். அந்தக் குளிர்காலத்திலும் இதே மேசையில்தான் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். மகள் யாகொதாவுக்கு அப்போது ஆஸ்துமா, மருந்து வாங்கவே ஒரு சம்பளம் வேண்டும். இரண்டு பேரும் வெளியே வந்தால் மூன்று பேரும் பட்டினி. ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். யார்? லுட்விகா பொய் சொன்னால் கழுத்து சிவந்துவிடும், தணிக்கைக்காரனுக்குக்கூடத் தெரிந்துவிடும். ஆகவே ஸெனோன். அவ்வளவுதான் நடந்தது. வீரமும் இல்லை, துரோகமும் இல்லை. குடும்பத்தில் யார் தண்ணீர் எடுப்பது, யார் விறகு பிளப்பது என்று பிரித்துக்கொள்கிற மாதிரி பிரித்துக்கொண்டார்கள். ஊர் மட்டும் மரியாதையை ஒரு பக்கத்திலும் அவமானத்தை இன்னொரு பக்கத்திலும் கொட்டிவிட்டது.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. ஊருக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது.

'நாரெவ் குர'லின் நாலாம் பக்கத்தில் 'வாசகர் குறை' என்று ஒரு பத்தி வரும், ஸெனோன் பொறுப்பு. அந்தக் காலத்தில் பத்திரிகையில் தேதியும் சாவு அறிவிப்பும் மட்டும்தான் நிஜம், மற்றதெல்லாம் மீன் பொட்டலம் கட்டத்தான் என்று சொல்வார்கள். ஆனால் அந்தப் பத்தியை மட்டும் ஊர் படித்தது. அதில் வந்தால் குழாயில் வெந்நீர் வரும், அணைந்த தெருவிளக்கு எரியும். குறைகள் எங்கிருந்து வந்தன? அந்த ஜன்னலிலிருந்து. குனிந்து நிற்பவன் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறான். எதிரில் முகம் தெரிவதில்லை, பாவமன்னிப்புக் கூண்டு மாதிரி. ரொட்டி வேகவில்லை என்பார்கள், பிரசவ வார்டில் போர்வை இல்லை என்பார்கள். லுட்விகா சாயங்காலம் சாப்பிடும்போது சொல்வாள், ஸெனோன் தட்டச்சு செய்வான், அவள் எட்டிப் பார்த்து, "அந்த வரிய மாத்து, அந்தம்மா அப்படிச் சொல்லல" என்பாள். பாதி நாள் அவளே எழுதிவிடுவாள்.

அதைத் தணிக்கையில் கடத்துவது ஸெனோனின் வித்தை. ஒவ்வொரு பக்கமும் அச்சுக்கு முன் தணிக்கை அலுவலகத்துக்குப் போய் முத்திரை வாங்கி வர வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவனும் சம்பளக்காரன். எதையாவது வெட்டினால்தான் அவன் வேலை செய்ததாகக் கணக்கு. ஆகவே அவன் வெட்டுவதற்கென்றே ஒரு மோசமான வாக்கியத்தை ஸெனோன் நடுவில் வைப்பான். போர்வை இல்லை என்ற செய்திக்கு நடுவே, "அமைச்சருக்குக் குளிரவில்லை போலும்" என்று ஒரு வரி. தணிக்கைக்காரன் சந்தோஷமாக அதை அடித்துவிட்டுப் போர்வையை விட்டுவிடுவான்.

ஆகவே, எட்டு வருஷமாக ஒரு வரி எழுதாத ஆள் என்று ராதெக் சொன்னது சுத்தப் பொய். அவனுக்கு அது தெரியாது.

"சொல்லிடட்டுமா?" என்றாள் லுட்விகா.

ஸெனோன் கரண்டியை வைத்தான். "பைத்தியமா? சொன்னா உன் பேரும் போச்சு. என் பேரு ஏற்கனவே இல்ல. ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல பேராவது வேணும்."

"அது பாதி உன்னோடது."

"பேர என்ன, ரெய்பக் மாதிரி அறுத்து எடுத்துக்க முடியுமா? சாப்பிடு. ஆறுது."

அவள் சாப்பிட்டாள். வாத்தியார் அலோய்சியின் குளிரில் நீலம் பாரித்த விரல்களும் தீப்பெட்டிகளும் கண்ணுக்குள் வந்தன. அந்த மரியாதையை இழக்க அவளுக்கு மனமில்லை. அதை ஸெனோனிடம் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

கூட்டம் எழுத்துக் கோக்கும் கூடத்தில் நடந்தது, கட்டடத்தில் சூடாக இருக்கும் இடம் அது ஒன்றுதான். ஆளுயரத்துக்கும் மேலே நிற்கும் வார்ப்பு யந்திரங்கள் வரிசையாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உருகிய ஈயம் நிறைந்த சட்டி. விசையைத் தட்டினால் மேலிருந்து பித்தளை அச்சுகள் கலகலவென்று இறங்கி வரிசையில் நிற்கும். வரி நிறைந்ததும் ஈயம் பாய்ந்து முழு வரியும் ஒரே கட்டியாக, சுடச்சுட வந்து விழும். அதற்குப் பிறகு நடப்பதுதான் அழகு. ஒரு நீளக் கை கீழிறங்கி, பயன்பட்ட பித்தளை அச்சுகளையெல்லாம் அள்ளி மேலே கொண்டுபோகும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு விதமான பல் வெட்டியிருப்பதால், அது அது தன் அறைக்கு மேலே வந்ததும் தானாகவே பிடி விட்டு விழுந்துகொள்ளும். நிருபராக இருந்த காலத்தில் லுட்விகா வேலை முடிந்தும் நின்று அதைப் பார்ப்பாள். இப்போது யந்திரங்கள் நிறுத்தப்பட்டு, சட்டிகள் மட்டும் சூடாக இருந்தன.

எழுத்துக் கோப்பவர்களின் மேஸ்திரி க்வியாஸ்தா தலைமை. எல்லோரையும் சமமாகத் திட்டுபவர் என்பதால் அவர்மேல் யாருக்கும் தனிப் பகை கிடையாது.

"உக்காருங்க. நின்னுக்கிட்டே இருக்க இது என்ன பூசையா? ராதெக், நீ பேசு. சுருக்கமா. ஈயம் ஆறிட்டா உன்னத்தான் போட்டு உருக்குவேன்."

ராதெக் பேசினான். சுத்தமான பேர், புதிய பத்திரிகை, லுட்விகா டெப்துவா ஆசிரியர், பழைய தலையாட்டிகள் வெளியே. கதவோரம் நின்ற ஸெனோனை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் லுட்விகாவைப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள்.

அவள் எழுந்தாள். கழுத்து சிவக்கவில்லை.

"நன்றி. ஆனா ஒரு விஷயம் திருத்தணும். நான் எட்டு வருஷமா சும்மா இருக்கல. 'வாசகர் குறை' நானும் ஸெனோனும் சேந்து எழுதினது. கேட்டது நான், பாதி எழுதினது நான், உள்ள கொண்டு போனது அவன். நீங்க என்னைச் சேத்துக்கிட்டு அவன விட்டா, பாதிப் பத்திய வெட்டின மாதிரி. அந்த வேலையத்தான் இத்தன வருஷமா வேற ஒருத்தன் செஞ்சுட்டிருந்தான்."

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பி ஸெனோனைப் பார்த்தார்கள்.

"அப்ப…" ராதெக் ஒரு அடி முன்னால் வந்தான். "அப்ப நல்லவங்கெல்லாம் அந்தப் பத்திரிகைக்கு எழுத மாட்டோம்னு ஒதுங்கினப்ப, நீங்க அதுக்கு எழுதிட்டிருந்தீங்க?"

"ஆமா."

"நாங்க நிலவறையில உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு அச்சடிச்சோம். உங்கள நினைச்சுக்கிட்டு!"

"நல்லா அடிச்சே. நானும் படிச்சேன். ஆனா அதுல வெந்நீர் பத்தி ஒரு வரி வரலயே, ராதெக். சுதந்திரம் வர்ற வரைக்கும் ஜனங்க குளிக்க வேணாமா?"

பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "சிரிக்காதீங்க, இது சிரிக்கிற விஷயமில்ல" என்று கத்தினார். நிருபர்களில் ஒருத்தி எழுந்து, "அப்படின்னா எங்கள ஏமாத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். கொஞ்ச நேரம் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். க்வியாஸ்தா இரும்புச் சட்டத்தைத் தட்டினார்.

"போதும். இந்தப் பொம்பள ஆசிரியர் வேணாம், அது தெரியுது. இந்தப் பேரோட விண்ணப்பம் வார்சாவுக்குப் போனா கிழிச்சுருவானுங்க. ரெண்டு பேரையும் உறுப்பினரா சேத்துக்கலாமா, அதுக்கு மட்டும் கைய தூக்குங்க. சேந்து வராங்க, பிரிச்சு விக்கிறதில்லையாம்."

கைகள் மெதுவாக எழுந்தன. போதுமான அளவு எழுந்தன, அதற்கு மேல் இல்லை. ராதெக் கையைத் தூக்கவில்லை. விண்ணப்பத்தில் முதல் பேராக க்வியாஸ்தாவையே போட்டார்கள்.

இருவரும் பாலத்தின் மேல் நடந்து வந்தார்கள். நதியில் பனி கனத்துக் கிடந்தது. பாதிப் பாலத்தில் ஸெனோன் நின்றான்.

"எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு இருந்தது. ஊரு துப்பினாலும், அந்தப் பத்தி என்னோடதுன்னு ராத்திரி படுக்கும்போது நினைச்சுப்பேன். அதையும் இன்னைக்குக் கூட்டத்துல பாதியாக்கிட்ட."

லுட்விகா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"என் பேரும் பாதியாயிடுச்சு, ஸெனெக்."

"தெரியும்." கொஞ்ச தூரம் நடந்தான். "அந்த மோசமான வரியெல்லாம் முழுசா என்னோடது. அதுல பங்கு கேக்காதே."

"அது வெட்டுப்பட்ட வரி. யாரு கேக்கப் போறா?"

அவன் மூக்கால் சிரித்தான்.

மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. சில கைகள் ஜன்னலுக்கு வரவில்லை. வாத்தியார் அலோய்சி வந்தார். குனியாமல் நின்றபடியே பேசினார். அவர் கோட்டின் இரண்டாவது பொத்தான்தான் அவளுக்குத் தெரிந்தது.

"பானி லுட்விகா, நான் சிகரெட் பிடிக்கிறதில்ல."

"தெரியும், பான் அலோய்சி."

"வீட்டுல ஒரு அலமாரி நிறையத் தீப்பெட்டி இருக்கு."

"அதுவும் தெரியும்னே நினைக்கிறேன்."

"நீங்க சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா உள்ள தூக்கிப் போட்டிருப்பாங்க."

"அரசாங்கத்துகிட்ட இல்ல. என்கிட்ட."

பொத்தான் நகர்ந்து போயிற்று.

ஒரு வாரம் கழித்து ஸெனோன் கடைக்கு வந்தான். இத்தனை வருஷத்தில் அவன் கடைப்பக்கம் வந்ததே கிடையாது. அவன் வந்தால் வாடிக்கை கெடும் என்று இருவருக்கும் தெரியும். பின்கதவைத் தட்டி உள்ளே வந்து, தொங்கிய பஞ்சுப் பொட்டலத்தில் தலையை இடித்துக்கொண்டான்.

"உனக்கு மேசை போட்டாச்சு. ரெண்டாம் மாடியில, ஜன்னலோரமா. ஃபோன்கூட உண்டு."

"ரெண்டாம் மாடியா?" லுட்விகா சில்லறையை அடுக்குவதை நிறுத்தினாள். "அங்க குறை சொல்ல யாரு ஏறி வருவா?"

"ஃபோன் பண்ணுவாங்க."

"ஃபோன் வெச்சிருக்கிறவனுக்கு வெந்நீர் வருது, ஸெனெக்." அவள் எழுந்து அவனுக்கு முக்காலியைக் காட்டினாள். "காலைல நான் இங்கதான். மத்தியானத்துக்கு மேல அங்க வரேன். நான் போயி வேன்ல திருப்பி அனுப்பற கட்டக் கட்டிட்டு வந்துடறேன். நீ உக்காரு. ஒரு தடவையாவது காதால கேளு."

"நான் விக்கிறதா? விலைகூடத் தெரியாதே."

"அவங்களுக்குத் தெரியும். சொல்லுவாங்க."

அவள் பின்கதவு வழியே வெளியே போய் விற்காத பத்திரிகைகளை அடுக்கத் தொடங்கினாள். தகரச் சுவர் மெல்லியது, முன்னால் பேசுவது அப்படியே கேட்கும். ஸெனோன் முக்காலியில் உட்கார்ந்து கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் வெடித்துச் சிவந்த இரண்டு கைகள் வந்து ஊன்றின, சலவைக்காரியின் கைகள். பிறகு குரல் வந்தது.

"ஒரு 'குரல்' குடு. எதுக்குத்தான் அச்சடிக்கிறானுங்களோ! எங்க பிளாக்கு மாடிப்படியில மூணு வாரமா பல்பு இல்ல, நேத்து எங்க மாமியா உருண்டு விழுந்துருச்சு. இவனுங்க என்னடான்னா யாரு யாரத் துரத்தறதுன்னு கூட்டம் போடுறானுங்க. உன் புருஷன் ஒருத்தன் இருக்கானே, பத்தி எழுதுறவன், அவனுக்கு நீ சொல்லித்தான் எதுவும் தெரியுமாம்!"

லுட்விகா கட்டும் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

உள்ளே பென்சிலைத் தேடும் சத்தம் கேட்டது. ஒரு டப்பா கவிழ்ந்தது. பிறகு ஸெனோனின் குரல்.

"எந்தத் தெரு? பிளாக் நம்பர் சொல்லுங்க."

கைகள் சற்றுப் பின்வாங்கின. அந்தப் பெண் இன்னும் கீழே குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள் போலிருக்கிறது.

"நீங்க யாரு? இங்க எப்பவும் அந்தம்மாதானே இருப்பாங்க. புதுசா?"

ஸெனோன் பென்சில் முனையைத் தாளில் வைத்தான்.

"ஆமாங்க," என்றான். "புதுசுதான். நிதானமாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."